இரண்டு பேர்ச்சு நிலமும் ஏழாம் மாடியும்

கொழும்பு மாநகரிலே 'தோட்டம்' என்றால் பூவும் காயும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு பொதுக் குழாயையும் ஒரு வரிசைக் கழிப்பறைகளையும் நம்பி, சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கும் சிறு வீடுகளின் கூட்டத்துக்கே அப்பெயர் வழங்குகின்றது. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் உழைக்க வந்தோர் குடியேறிய இடங்கள் அவை. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும் இத்தகைய தோட்டங்கள் பல உண்டு. 1921ஆம் ஆண்டில் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்புக்கு ஒரு நகரத் திட்டம் வகுத்து, இதனைக் கிழக்கின் பூங்கா நகரமாக்கக் கனவு கண்டார். பூங்கா கறுவாக்காட்டுக்குக் கிட்டியது. தோட்டம் வடகொழும்புக்கு எஞ்சியது!

அண்மையில் என் பழைய மாணவன் ஒருவனின் அழைப்பை ஏற்று, அவன் குடியேறியுள்ள தொடர்மாடியின் ஏழாம் மாடிக்குச் சென்றிருந்தேன். யன்னலைத் திறந்தால் கடல். கீழே மீன்பிடிப் படகுகள்.

"தனிக் குழாய், தனிக் கழிப்பறை, சேர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் விலாசம் சொல்ல வெட்கமில்லை," என்றான். தோட்டத்து விலாசத்தைக் கேட்டதும் முகம் மாறும் இடங்களை அறிந்தவர்களுக்கு, இது சிறிய பேறன்று என்பது விளங்கும்.

தேநீர் கொண்டுவந்த அவனுடைய தாயார் வேறொரு கதை சொன்னார்.

"முந்தி வாசற்படியில் இருந்தே இடியப்பம் வித்துப் பிழைச்சேன், மாஸ்டர். இங்கே ஏழாம் மாடிக்கு யார் ஏறி வந்து வாங்குவாங்க? கூடையோடு கேற்றடிக்குப் போறேன். லிப்ட் வேலை செய்யாத நாளில் அதுவும் இல்லை."

2010க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை முன்னெடுத்த திட்டத்தின் கணக்கு எளிது. தோட்டங்கள் கிடந்த நிலத்தை விடுவித்து, அதனை முதலீட்டாளர்களிடம் கொடுத்துப் பெறும் பணத்தைக் கொண்டு மாடிகளை எழுப்புவது. 2001இல் 671 வீடுகளுடன் எழுந்த சகஸ்புர இதற்கு முன்னோடி. தொடக்கத்தில் எழுந்த மாடிகளிலே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 400 சதுர அடி.

இதற்கு முன்னர் வேறு வழியும் பரீட்சிக்கப்பட்டதுண்டு. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்திலே, வழக்கமான ஆகக் குறைந்த நில அளவான 6 பேர்ச்சு, இத்தகைய குடியிருப்புகளுக்காக 2 பேர்ச்சாகத் தளர்த்தப்பட்டது. கிராண்ட்பாஸ் பகுதியிலுள்ள நவகம்புரவில் சிறு கடன் பெற்ற குடும்பங்கள் தாமே வீடு கட்டின. 2 பேர்ச்சு என்பது 544 சதுர அடி. அதில் ஓர் அறையை இன்று கட்டலாம். மகளுக்குத் திருமணம் பேசும்போது மேலே இன்னொன்றை எழுப்பலாம். வாசற்படியும் கைவிட்டுப் போகாது. தொடர்மாடிச் சுவரை எவ்வாறு நகர்த்துவது?

நெருக்கம் என்பதே தீங்கென நான் கருதவில்லை. பிழைப்புள்ள இடத்தருகே வாழ்வதற்கு ஏழை கொடுக்கும் விலை அது. எல்லாருக்கும் தலா 2 பேர்ச்சு பகிர்ந்தளிக்கவும் இந்நகரில் நிலமில்லை. ஆகவே மாடிகள் எழத்தான் செய்யும். எனினும் வரைபடம் தீட்டுவோர், எத்தனை குடும்பங்கள் என்று எண்ணும்போது, வாசலில் இருந்து பிழைப்போர் எத்தனை பேர் என்பதையும் எண்ணி, அவர்களுக்கெனக் கீழ்த்தளத்தை ஒதுக்கினால் என்ன?

பொழுது சாயும் வேளையில் விடைபெற்றேன். அந்த அம்மாவும் இடியப்பக் கூடையுடன் மின்தூக்கியில் என்னோடு இறங்கினார்.

"இன்றைக்கு ஓடுது," என்றார்.