தும்புத்தூள் போகும் வழி

தேங்காய் உரித்தபின் மிஞ்சும் பொச்சுமட்டையை எம்மவர் அடுப்புக்கும் தென்னங்குழிக்கும் பயன்படுத்தி வந்துள்ளனர். இன்று அதே மட்டையின் தூள் வெளிநாட்டுப் பூந்தோட்டங்களுக்குக் கப்பலேறுகிறது. சூழலுக்கு உகந்த பொருள் என்ற நற்பெயரும் அதற்கு உண்டு. அப்பெயர் எவ்வாறு வந்தது, அதற்கான செலவை யார் ஏற்கின்றனர் என்பதை இங்கு நோக்குவோம்.

கழிவு சரக்கான கதை

மட்டையிலிருந்து தும்பெடுக்கும்போது ஒரு பங்கு தும்புக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு தூள் விழும். இத்தூள் எளிதில் உக்காது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் தும்பு ஆலைகளின் அருகே இது நெடுங்காலம் குன்றுபோலக் குவிந்து கிடந்தது. மழைக்காலத்தில் அதிலிருந்து வடியும் கபில நிற நீர் வாய்க்கால்களைக் கெடுத்தது.

ஐரோப்பியத் தோட்டக்காரரோ செடி வளர்க்கப் 'பீற்' எனும் சதுப்பு மண்ணை வெட்டி எடுத்து வந்தனர். பாசியும் புல்லும் நீருக்குள் அரைகுறையாக உக்கிப் படிவதால் உண்டாகும் இம்மண், ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமேயான இச்சதுப்புகள், காட்டு மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிடக் கூடிய காபனைச் சேமித்து வைத்துள்ளன. வெட்டி எடுத்தால் அந்தக் காபன் வாயுவாக வெளியேறிப் புவியை வெப்பமாக்கும். ஆதலால் மாற்றுப் பொருள் தேடப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் ஒல்லாந்துப் பூச்செய்கையாளர் தும்புத்தூளைக் கையாளத் தொடங்கினர். தன் நிறையிலும் பல மடங்கு நீரை அது பிடித்து வைத்திருக்கும். குப்பையாகக் கிடந்தது ஏற்றுமதிச் சரக்காயிற்று.

கழுவிய நீர் எங்கே?

பொருள் பிறக்கும் இடம் முதல் பாவிப்பவர் கை வரை ஒவ்வொரு படியிலும் சூழற் கேட்டைக் குறைப்பதையே 'பசுமை விநியோகச் சங்கிலி' என்கின்றனர். வாங்குபவர் விதிக்கும் நிபந்தனை இச்சங்கிலி வழியே பின்னோக்கி வந்து ஆலையைச் சேரும். தும்புத்தூளில் முக்கிய நிபந்தனை உப்புக் குறைவாக இருத்தல். மட்டையில் இயல்பாகவே பொற்றாசியமும் சோடியமும் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையில் உப்பு இன்னும் அதிகம். ஆகவே தூளை நன்னீரில் பலமுறை கழுவுவர். சிலர் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலிலும் ஊறவைப்பர். பின் உலர்த்தி, கட்டிகளாக அமுக்கி அனுப்புவர்.

அங்கே செடிக்கு உப்பில்லாத தூள் கிடைக்கிறது. அதிலிருந்து நீங்கிய உப்பு இங்கே, ஆலை நிற்கும் ஊரில் தங்கிவிடுகிறது. யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் நிலத்தில் தரையில் விட்ட நீர் விரைவாகக் கிணற்றுக்கு இறங்கும். சங்கிலியின் கடைசிக் கண்ணி பசுமையாயிருந்து முதற்கண்ணியில் குடிநீர் கெடுமானால், அதைப் பசுமை என்று ஏற்பதெப்படி? கழுவும் நீரைத் தொட்டிகளில் சேர்த்துச் சுத்திகரித்து மீளப் பாவிக்கலாம். அதற்குப் பணம் செலவாகும். அச்செலவு பொருளின் விலையில் சேரவேண்டுமே தவிர, ஊர்க் கிணற்றின்மேல் விழக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை

போரில் அழிந்த பளை, முல்லைத்தீவுத் தென்னந்தோட்டங்களில் மீண்டும் கன்றுகள் வளர்கின்றன. மட்டை பெருகும்போது வாங்குவோரும் வருவர். அப்போது மூன்று விடயங்களைக் கவனிப்போம்.

1. ஆலை அமைக்க வருவோரிடம், எந்த நீரில் கழுவுவீர்கள், கழுவிய நீரை எங்கே விடுவீர்கள் என்று சங்கமாகச் சேர்ந்து கேட்போம். பிறர் காணியில் தங்கியிருப்போரும் அதே கிணற்று நீரையே குடிக்கின்றனர். கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

2. மட்டை முழுவதையும் விற்றுவிடாதிருப்போம். தென்னையடியில் குழிவெட்டி மட்டையை அடுக்கி மண்ணிட்டு மூடினால், கோடையில் ஈரம் நிற்கும், பொற்றாசியமும் மண்ணுக்கே திரும்பும்.

3. சொந்த நிலம் இல்லாதோர் பழைய சாக்கில் தூள் நிரப்பி மிளகாயோ கத்தரியோ நடலாம். புதுத்தூளை அப்படியே பாவிக்கவேண்டாம். மாரி மழையில் நனையவிட்டு உப்பு நீங்கியபின், உக்கிய சாணமும் மண்ணும் கலந்து நிரப்புக. தூளில் நைதரசன் மிகக் குறைவு. சாணம் சேராவிட்டால் பயிர் மஞ்சளிக்கும். தூளை நனையவிடும் இடமும் கிணற்றுக்கு எட்டவே இருக்கட்டும்.