மல்லாந்து போகும் பொய்மீன்

குளத்தில் செத்து மிதக்கும் மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வயிறு வானத்தைப் பார்த்திருக்கும். முதுகு நீருக்குள் அமிழ்ந்திருக்கும். உயிரோடிருந்தவரை நிமிர்ந்து நீந்திய மீன், உயிர் போனதும் ஏன் புரண்டுவிடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்டால், தூண்டில்காரர்களுக்குத் தொல்லை தரும் ஒரு சிக்கலுக்கும் வழி பிறக்கும். முதலில் அந்தச் சிக்கல் என்னவென்று பார்ப்போம்.

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிப்பது நமக்குத் தெரிந்த முறை. புழுவுக்குப் பதிலாக ஒரு பொம்மை இரையை நீரில் வீசி, நரம்பைச் சுற்றி இழுத்து, பெரிய மீனை ஏமாற்றிப் பிடிப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் வாழ்ந்த நிக் கிரீம் என்பவர் 1949இல் மென்மையான பிளாஸ்டிக்கில் புழு ஒன்றை வார்த்தார். இன்று மென்மையான பிளாஸ்டிக்கில் ஒரு சாண் நீளத்துக்கு மேலான மீன்களையே வார்க்கிறார்கள். இவற்றை நாம் பொய்மீன் என்று அழைப்போம்.

இவ்வளவு பெரிய இரை எதற்கு? தென் கலிபோர்னியாவின் நீர்த்தேக்கங்களில் இதற்கு விடை இருக்கிறது. 1959இல் ஃபுளோரிடா இனத்து பாஸ் மீன்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். தூண்டில்காரர்களுக்காக டிரவுட் மீன்களையும் அந்த நீர்நிலைகளில் விடுவது வழக்கம். அவற்றை விழுங்கி பாஸ் மீன்கள் கொழுத்தன. 1991இல் காஸ்டேயிக் ஏரியில் ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள பாஸ் ஒன்று பிடிபட்டது. டிரவுட்டைத் தின்று பழகிய மீனை ஏமாற்ற டிரவுட் அளவிலேயே இரை வேண்டும் அல்லவா? 20, 25 செ.மீ. நீளமுள்ள பொய்மீன்கள் இப்படித்தான் வழக்கத்துக்கு வந்தன.

ஆனால் வீசி இழுத்தால், சில பொய்மீன்கள் நிமிர்ந்து வருவதில்லை. பக்கவாட்டில் சாய்கின்றன, மல்லாந்து போகின்றன, சில, திருகாணி போலச் சுழன்றுகொண்டே வருகின்றன. ஒவ்வொரு சுழற்சியும் நரம்பில் ஒரு முறுக்கை ஏற்றும். முறுக்கேறிய நரம்பு சிக்கலாகி அறுந்தால், பிளாஸ்டிக்கும் முள்ளும் ஏரியின் அடியிலேயே தங்கிவிடும். சுழல் வளையம் ஒன்றை நரம்பில் இணைத்தால் முறுக்கு குறையும். ஆனால் பொய்மீன் புரள்வது நிற்காது. வலியை மறைத்தால் நோய் தீர்ந்துவிடுமா?

இரண்டு மையங்கள்

நீரில் மூழ்கிய பொருளின்மீது இரண்டு விசைகள் செயற்படுகின்றன. ஒன்று அதன் எடை. இது புவியீர்ப்பு மையத்தின் வழியாகக் கீழ்நோக்கிச் செல்கிறது. மற்றொன்று, ஆர்க்கிமிடீஸ் கண்ட மேல்நோக்கு விசை. இது விலக்கப்பட்ட நீரின் மையத்தின் வழியாக மேல்நோக்கிச் செல்கிறது. அந்தப் புள்ளியை மிதப்பு மையம் என்கிறோம்.

புவியீர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருப்பதாகக் கொள்ளுங்கள். பொருள் சற்றே சாய்ந்தால் இரு விசைகளும் ஒரே கோட்டில் இல்லாமல் விலகுகின்றன. இரண்டும் சேர்ந்து பொருளைத் திருப்பி நிமிர்த்துகின்றன. இது உறுதிச் சமநிலை. புவியீர்ப்பு மையம் மேலே இருந்தால், சிறு சாய்வையும் அவ்விசைகள் வளர்த்துக் கவிழ்த்துவிடும். இது உறுதியற்ற சமநிலை. நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டுபவர்கள் கனமான பொருள்களைக் கீழ்ப்பகுதியில் அமைப்பது இதனால்தான்.

இனி நம் பொய்மீனுக்கு வருவோம். உடல் முழுவதும் ஒரே பிளாஸ்டிக். ஆகவே இரண்டு மையங்களும் ஒரே புள்ளியில் அமைந்துவிடுகின்றன! எப்படித் திருப்பி வைத்தாலும் அப்படியே கிடக்கும். நிமிர்ந்து நிற்க அதற்குக் காரணமே இல்லை. கீழே தொங்கும் முள்ளும் ஈயமும் மட்டுமே அதற்கு 'கீழ்' எது என்று சொல்லிக் கொடுக்கின்றன.

சிறிய பொய்மீனில் இவை போதும். ஆனால் நீளம் இரு மடங்கானால், அதே வடிவமுள்ள உடலின் பருமன் எட்டு மடங்காகிறது. முள்ளும் எட்டு மடங்கு கனமாகிறதா? இல்லை. பெரிய உடலுக்குச் சிறிய நங்கூரம்! இதனால்தான் பெரிய பொய்மீன்கள் எளிதில் புரள்கின்றன.

வேகம் செய்யும் வேலை

மெதுவாக இழுக்கும்போது நிமிர்ந்து வரும் பொய்மீன், விரைந்து இழுத்தால் புரள்வதும் உண்டு. அதன் வால் தட்டையை நீர் இடமும் வலமும் மாறிமாறித் தள்ளுகிறது. இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. நிமிர்த்தும் விசையோ எடையைப் பொறுத்தது. வேகத்தால் அது கூடுவதில்லை. ஒரு கட்டத்தில் தள்ளுவது வெல்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

பிஞ்சு வெள்ளரிக்காய் ஒன்று, சிறிய இரும்பு ஆணிகள் இரண்டு, நூல், ஒரு தொட்டித் தண்ணீர் போதும். காயை மட்டும் மிதக்கவிட்டு விரலால் உருட்டுங்கள். ஏறக்குறைய எந்த நிலையிலும் நின்றுவிடும். இப்போது ஆணிகளைக் காயின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் நூலால் கட்டுங்கள். எப்படி உருட்டினாலும் ஆணிப்பக்கம் கீழே வந்துவிடும். அடுத்து, ஆணிகளை அவிழ்த்து, காம்புப் பக்கம் ஒன்று, நுனிப் பக்கம் ஒன்றாக நடுத்தண்டுக்குள் செருகுங்கள். எடை குறையவில்லை, ஆனால் நிமிர்த்தும் ஆற்றல் போய்விட்டது.

திருப்புத்திறன் என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது. 10 கிராம் ஈயம் உடலின் நடு அச்சுக்கு அரை செ.மீ. கீழே இருப்பதைவிட 2½ செ.மீ. கீழே இருந்தால் ஐந்து மடங்கு பயன் தரும். எவ்வளவு எடை என்பதைவிட எங்கே எடை என்பதே முதற்கேள்வி.

மருத்துவம்

பொய்மீனைக் கரையோரத் தெளிந்த நீரில் முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் இழுத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகப் புரண்டால், உடலில் கோணல் இருக்கிறது என்று பொருள். முள் நடுக்கோட்டில் இருக்கிறதா, நரம்பு கட்டும் வளையம் விலகியிருக்கிறதா என்று பார்க்கலாம். பெட்டியில் மடங்கிக் கிடந்து உடலோ வாலோ வளைந்திருந்தால், சிறிது நேரம் வெந்நீரில் இட்டு, நேராக்கி, குளிர்ந்த நீரில் வைத்தால் சரியாகும்.

சில வேளை இடமும் சில வேளை வலமுமாகப் புரண்டால் அடியில் எடை போதவில்லை. வயிற்றின் அடிக்கோட்டில் சிறு எடைகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அளவு மீறினாலும் கெடுதல்தான்: மீன் நிமிர்ந்து வரும், ஆனால் மரக்கட்டை போல வரும். இடமும் வலமுமாக லேசாக அசைவதே பாஸ் மீனைக் கவர்கிறது. எடை கூட்ட விருப்பமில்லையென்றால், வால் தட்டையின் ஓரத்தைச் சிறிது நறுக்கிப் புரட்டும் விசையைக் குறைக்கலாம்.

எந்த உலோகத்தைச் செருகுவது? ஈயம் மலிவானது, அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம். ஆனால் அது நஞ்சு. இங்கிலாந்தின் ஆறுகளில் தூண்டில்காரர்கள் தவறவிட்ட ஈயக்குண்டுகளைக் கற்கள் என்று விழுங்கி அன்னங்கள் மடிந்தன. 1987இல் அங்கே சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. அதே எடை குறைந்த இடத்தில் அடங்கும். வயிற்றின் அடி விளிம்பை ஒட்டியே வைக்கலாம். விலை கூடுதல்தான். ஆயினும் இயற்பியலும் அன்னமும் ஒரே உலோகத்தின் பக்கம் நிற்கின்றன!

இனி செத்த மீனுக்கு வருவோம். பல மீன்களின் காற்றுப்பை முதுகெலும்புக்குக் கீழே, வயிற்றறையில் இருக்கிறது. கனமான தசைகளில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதாவது, புவியீர்ப்பு மையம் மேலே, மிதப்பு மையம் கீழே! உயிருள்ள மீன் ஒவ்வொரு கணமும் கவிழப் பார்க்கிறது. துடுப்புகளை அசைத்து ஒவ்வொரு கணமும் தன்னை நிமிர்த்திக்கொள்கிறது. துடுப்பு ஓய்ந்த அன்று அது மல்லாந்துவிடுகிறது. அந்த ஓயாத உழைப்பைப் பொய்மீனுக்கு நம்மால் கொடுக்க முடியாது. அதன் இடத்தில் சில கிராம் உலோகத்தைத்தான் வைக்கிறோம்.

அடுத்த முறை மீன் தொட்டியைப் பார்க்கும்போது, அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் ஒரு மீனின் பக்கத் துடுப்புகளைக் கவனியுங்கள். அவை சும்மா இருக்கின்றனவா?