கல்லடிப் படம் வந்தாறுமூலை வகுப்புக்கு எப்படிப் போகும்?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலையில் இருக்கிறது. இசை, நடனம், நாடகம் கற்பிக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். இன்னொரு வளாகம் திருகோணமலையில். கல்லடி விரிவுரையாளர் ஒருவர் எடுத்த கூத்துப் படம் அவருடைய மடிக்கணினியிலேயே தங்கிவிட்டால், அவர் ஓய்வு பெறும்போது அதுவும் போய்விடும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஒரே ஓவியத்தைத் தனித்தனியே ஸ்லைடாக்கிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தவைதான். மெலன் அறக்கட்டளை தொடங்கிய ஆர்ட்ஸ்டோர் 2004 முதல் அவற்றுக்குப் பொதுப் படத்தொகுப்பானது. அப்படியொரு பொதுத் தொகுப்புக்கு முன்மாதிரி தேடி நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கி எவரும் இலவசமாகப் படிக்கத் தந்தது. அதன் ‘ஆவணகம்’ தளத்தில் ஒளிப்படங்களும் ஒலிப்பதிவுகளும் சேர்கின்றன.

ஸ்கேனர் வாங்குவது எளிது. படத்துக்குக் குறிப்பு எழுதுவதுதான் பெரும்பாடு. கரப்புடுப்பு என்னும் கூத்து உடையும் கிரீடமும் அணிந்து, ஆடுகளமான களரியில் நிற்கும் அரசன் படத்தை எடுத்துக்கொள்வோம். ‘கூத்து, மட்டக்களப்பு’ என்று மட்டும் எழுதினால் மாணவருக்கு என்ன பயன்? கூத்து மரபு வடமோடியா தென்மோடியா, எந்தக் கூத்து, எந்தப் பாத்திரம், எந்த ஊர்க் களரி, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் யார், எந்த ஆண்டு, படம் எடுத்தவர் யார்: இத்தனையும் வேண்டும். எல்லா வளாகங்களும் இவற்றை ஒரே ஒழுங்கில், ஒரே எழுத்துக்கூட்டலில் பதிந்தால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். சொல்லத் தெரிந்த அண்ணாவிமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். என் பார்வையில் இதைவிட அவசரமான வேலை இல்லை.

மூலப்படத்தைச் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்து, வகுப்புக்குச் சிறிய ஜேபெக் பிரதி கொடுப்பது வழக்கம். ஒரு பிரதியேனும் வேறு மாவட்டத்தில் இருக்கட்டும். 1978 சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் இந்தக் கிழக்குக் கரையைத் தாக்கியவை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்குச் சில விலக்குகள் தருகிறது. ஆனால் கண்ணகி அம்மன் கோயில் சடங்குப் படத்துக்குச் சட்டம் மட்டும் போதாது. கோயிலாரிடம் கேட்க வேண்டும். வகுப்பறைக்கு மட்டும் என்று அவர்கள் சொன்னால், அதையும் படக்குறிப்பிலேயே பதிந்து, இணையத்தில் அந்தப் படத்தைப் பூட்டி வைக்க வேண்டும்.