இணையதள மெனுவும் பழைய உலாவிகளும்

இணையதளத்தின் மேற்பகுதியில் முகப்பு, செய்திகள், தொடர்பு என வரிசையாக நிற்கும் இணைப்புகளின் தொகுப்பே மெனு எனப்படுகிறது. அதன் உள்ளடக்கத்தை எச்டிஎம்எல் என்னும் குறிமொழி தாங்குகிறது. நிறம், அளவு, இடம் முதலிய தோற்றக் கூறுகளை, ஹோகோன் வியும் லீ 1994-இல் முன்மொழிந்து 1996 டிசம்பரில் முதல் தரநிலையாக வெளிவந்த சிஎஸ்எஸ் விதிகள் தீர்மானிக்கின்றன. உலாவிகள் இவ்விதிகளை ஒரே சீராக நிறைவேற்றாத 1990-களின் பிற்பகுதியில், மெனுக்கள் பெரும்பாலும் அட்டவணைக் கட்டங்களுக்குள் அடுக்கப்பட்ட படங்களாகவே அமைக்கப்பட்டன. ஒரு சொல்லை மாற்றவும் படத்தைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது.

இதிலிருந்து விடுபட உதவியது, மெனு என்பது அடிப்படையில் ஒரு பட்டியலே என்ற தெளிவுதான். பட்டியலைப் பட்டியலாகவே எழுதி, தோற்றத்தை முழுவதும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிட்டால், குறிமொழி சுருங்குவதோடு திருத்துவதும் எளிதாகிறது. 2003 நவம்பரில் பேட்ரிக் கிரிஃபித்ஸும் டான் வெப்பும் 'எ லிஸ்ட் அபார்ட்' என்னும் இணைய இதழில் விளக்கிய 'சக்கர்ஃபிஷ்' முறை இதன் சிறந்த எடுத்துக்காட்டு. பட்டியலுக்குள் மற்றொரு பட்டியலை வைத்து, சுட்டி மேலே வரும்போது மட்டும் உட்பட்டியலைக் காட்டும் 'ஹோவர்' என்ற விதியைக் கொண்டே அவர்கள் கீழ்விரியும் மெனுவை உருவாக்கினர்.

ஆனால், 2001-இல் வெளிவந்து விண்டோஸ் எக்ஸ்பியோடு உலகெங்கும் பரவிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, ஹோவர் விதியை இணைப்புகளுக்கு மட்டுமே ஏற்றது. பட்டியல் உறுப்பின் மீது சுட்டியை வைத்தால் அதில் எதுவும் நிகழவில்லை. இக்குறை 2006 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் வடிவமைப்பாளர்கள், சுட்டி வரும்போது உறுப்புக்கு ஓர் அடையாளப் பெயரைச் சேர்த்து, விலகும்போது நீக்கும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் நிலைமையைச் சமாளித்தனர். மைக்ரோசாஃப்ட்டின் உலாவிகள் மட்டுமே படித்தறியும் நிபந்தனைக் குறிப்புகளுக்குள் தனித் திருத்தங்களை எழுதும் வழக்கமும் பரவியது. பத்தாம் பதிப்பில் அந்த வசதி கைவிடப்பட்டது.

இத்தகைய ஒட்டுவேலை பெருகப் பெருக, எந்தத் திருத்தம் எந்த உலாவிக்கு எழுதப்பட்டது என்பதே புலப்படாமல் போகும். இதைவிட உறுதியான வழி சிஎஸ்எஸ்ஸின் அமைப்பிலேயே உண்டு: தனக்குப் புரியாத விதியை உலாவி பிழையாகக் கருதி நின்றுவிடாமல், அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்கிறது. ஆகவே எல்லா உலாவிகளும் அறிந்த எளிய விதியை முதலிலும், உறுப்புகளைச் சீராக வரிசைப்படுத்தும் 'ஃபிளெக்ஸ்' போன்ற புதிய விதியை அதன் பின்னரும் எழுதினால், புதிய உலாவி இரண்டாவதை ஏற்கும். பழையது முதலாவதோடு நின்று, இணைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். தோற்றம் வேறுபடினும் வாசகர் செல்ல வேண்டிய பக்கத்துக்குச் செல்ல முடிகிறது. பழைய கணினியோடு வருபவருக்கு இணையதளம் செய்ய வேண்டிய கடமை இதுவே, எல்லாத் திரையிலும் ஒரே தோற்றம் என்ற பிடிவாதம் அன்று.

இதே அக்கறை புதிய கருவிகளுக்கும் வேண்டும். தொடுதிரையில் சுட்டியை மேலே நிறுத்துதல் என்ற செயலே இல்லை. விசைப்பலகையை மட்டும் நம்புவோரும் பலர். எனவே உட்பட்டியலைத் திறக்க ஹோவரை மட்டும் நம்பாமல், தொட்டாலும் விசையை அழுத்தினாலும் இயங்கும் பொத்தான் ஒன்றை வைப்பது அவசியம். மூடிய பட்டியலை 'டிஸ்பிளே நன்' விதியால் மறைத்தால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது என்பதால், சக்கர்ஃபிஷ் முறையின் பிந்தைய வடிவம் பட்டியலைத் திரையின் இடப்புறத்துக்கு வெளியே தள்ளிவைத்தது. மெனு சரியாக அமைந்ததா என்று அறிய விரும்பும் வடிவமைப்பாளர், தோற்ற விதிகள் அனைத்தையும் உலாவியில் நிறுத்திவிட்டு, எஞ்சிய வெறும் பட்டியலைக் கொண்டே தளம் முழுவதையும் சுற்றிவர முடிகிறதா என்று பார்க்கலாம்.