ஆவடித் தீர்மானமும் செங்கல்பட்டுச் சீமையும்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, இந்தியாவில் அமையவேண்டியது சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மாநாட்டுத் தலைவர் யு.என். தேபர், தீர்மானத்தின் உயிர் நேரு, அப்போது சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். ஆவடி இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது, அன்று செங்கல்பட்டு ஜில்லா. அந்தத் தீர்மானம் ஜனங்களுக்கு என்ன செய்தது என்று பார்க்க, அது பிறந்த ஜில்லாவையே எடுத்துக்கொள்ளலாம்.

வாதம் அப்போதே கிளம்பிவிட்டது. பெருமுதலாளிகளையும் நிலச்சுவான்தார்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன சோஷலிசம் என்பது இடதுசாரிகளின் கேள்வி. ராஜாஜியின் புகார் இதற்கு நேர் எதிரானது. அரசாங்கம் எல்லாவற்றிலும் கை வைத்தால் முயற்சி உள்ளவன் முடங்குவான், லஞ்சம் வாங்குகிறவன் கொழுப்பான் என்றார். அவர் முன்னின்று 1959-ல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, ஆட்சியை லைசென்ஸ்–பெர்மிட்–கோட்டா ராஜ்யம் என்று சாடியது. இரு தரப்பு சொன்னதிலும் உண்மை இருந்தது என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின.

அரசு நேரடியாக மக்கள் கையில் கொடுத்தவற்றில் கணக்கு நன்றாகவே இருக்கிறது. 1951-ல் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 32 வயது; இன்று ஏறத்தாழ 70. 2011 கணக்கெடுப்பின்போது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 84 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-ல் அதை விரித்த சத்துணவும், கார்டு இருந்தால் எல்லோருக்கும் அரிசி என்ற ரேஷன் கடையும் இதில் பெரும்பங்கு வகித்தவை. இவற்றில் பாதி, திராவிடக் கட்சிகளின் கைவரிசை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் இந்தக் கணக்கின் இரு பக்கங்களையும் ஒரே ஊரில் பார்க்கலாம். 1924-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை, ஆவடி மாநாடு நடந்த அதே 1955-ல் மத்திய அரசு எடுத்து, பயிற்சி ஆராய்ச்சி நிலையம் ஆக்கியது. லாபம் பார்க்கிற எவரும் தொட்டிருக்க மாட்டாத வேலை அது. அதே திருமணியில்தான் பொதுத்துறையின் எச்.எல்.எல். பயோடெக் தடுப்பூசி வளாகமும் நிற்கிறது. 2012-ல் ஒப்புதல் பெற்று, 594 கோடி ரூபாய் திட்டமாக எழும்பியது. 2021-ல் கொரோனா தடுப்பூசிக்கு நாடே அலைந்தபோது அங்கே ஒரு குப்பிகூடத் தயாராகவில்லை. மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, குத்தகைக்குத் தாருங்கள், மாநிலமே நடத்திக்கொள்கிறோம் என்று டெல்லிக்கு எழுதினார்.

இதே ஜில்லாவின் கல்பாக்கம் வேறு மாதிரி. தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் 1984-லும் 1986-லும் ஓடத் தொடங்கின. அவற்றை நம்மவர்களே கட்டினார்கள். அங்கேயே, எரிபொருளைப் பெருக்கித் தரும் 500 மெகாவாட் ஈனுலையின் வேலை 2004-ல் ஆரம்பித்தது. எரிபொருள் நிரப்பும் கட்டம் வரவே 2024 ஆகிவிட்டது. திறமைக்குக் குறைவில்லை, காலக்கெடுவைத்தான் யாரும் பொருட்படுத்தவில்லை. தனியார் வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பவர்களுக்கு மறைமலைநகர் ஒரு பதில்: ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக ஒரு நாள் அறிவித்தது, 2022-ல் அங்கே கார் வருவது நின்றது.

2019 அக்டோபர் 11-ல் மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசையும் வெண்ணெய் உருண்டைப் பாறையையும் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு வேட்டி கட்டிய மோடி சுற்றிக் காட்டினார். சோஷலிசம் பேசிய இரு நாடுகளில் எது தன் ஜனங்களைக் கரையேற்றியது என்ற பழைய கேள்விக்கு அந்தக் கடற்கரை பொருத்தமான இடம்தான். ழான் திரேஸும் அமார்த்திய சென்னும் 1989-ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு சங்கடமான விடை சொன்னார்கள். 1958 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானவர் பஞ்சத்தில் மாண்டார்கள். எதிர்க்கட்சியும் பத்திரிகையும் உள்ள இந்தியாவில் அப்படி நடக்க விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாதாரண நாட்களில் சீனாவைவிட இந்தியாவில் கூடுதலாக நிகழும் சாவுகளைக் கூட்டினால், ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பஞ்சத்தின் தொகை இங்கே வந்துவிடுகிறது என்றார்கள். பள்ளி, வைத்தியம், நிலம் மூன்றையும் சீனா முன்கூட்டியே பரவலாக்கியிருந்தது.

இந்த மூன்றில் தமிழ்நாடு முதல் இரண்டைப் பிடித்துவிட்டது. மூன்றாவதில்தான் சறுக்கல், அதுவும் செங்கல்பட்டில் பழைய கதை. 1891-ல் இந்த ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர், பறையர்களின் அவலம் அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லாததால் வந்தது என்று விரிவாக அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கம் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கியது. பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. பஞ்சமி நிலம் என்பது இதுதான். விடுதலைக்குப் பின் வந்த நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது, 1970-ல் 15 ஆகக் குறைத்தது. அறக்கட்டளைக்கு விலக்கு, பங்காளி பேரில் பத்திரம் என்று பெரிய பண்ணைகள் தப்பிய வழிகள் ஊரறிந்தவை. பஞ்சமி நிலமோ கடனுக்கும் ஏமாற்றுக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது.

1994-ல் இதே ஜில்லாவின் காரணை கிராமத்தில் தலித் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் அங்கே வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஆவடித் தீர்மானம் வந்து அப்போது 39 ஆண்டு. அரசியல் சட்டத்தின் முகப்புரையில் 'சோஷலிச' என்ற சொல்லை 1976-ல் சேர்த்து 18 ஆண்டு. அந்தச் சொல் செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள்நல அரசு என்பதே அதன் பொருள், தனியார் தொழிலுக்கு அது தடையல்ல என்றும் விளக்கியது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக நிலம் சதுர அடிக் கணக்கில் விற்பனையாகும் காலம் இது. பஞ்சமி நில வழக்குகள் இன்னும் முடியவில்லை.