உடலா, ஆளா?

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்தவர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். ''மதுரைல எச்.சி.பி. போடச் சொல்லுதாரு வக்கீலு. அப்படின்னா என்ன அண்ணாச்சி?'' தங்கச்சி மகன் மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்களாம்.

ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன். லத்தீனில் கார்பஸ் என்றால் உடல். 'அடைத்து வைத்தவனே, அவன் உடலோடு வந்து நில். ஏன் அடைத்தாய் என்று சொல்' என்று இங்கிலாந்தில் அரசன் பெயரால் போன ஆணை அது. பாட்டை முதலடியால் நாம் அழைப்பதுபோல, ஆணைக்கு அதன் லத்தீன் சொற்களே பெயராகிவிட்டன.

இதை 'உடல் கொணர்வு' என்று தமிழாக்கியிருந்தால் விபரீதம். நம் பக்கம் 'உடல் வந்துட்டா?' என்று கேட்டால் அது ஜி.ஹெச். மார்ச்சுவரி சமாச்சாரம். யாரோ புண்ணியவான் 'ஆள்' என்றார். ஆட்கொணர்வு மனு ஆயிற்று. ஆள் என்றால் உயிரோடு இருப்பவன். இந்த ஓரிடத்தில் லத்தீனைவிடத் தமிழே சரி என்பேன். அதிகாரியைக் கடமையைச் செய்யச் சொல்லும் மாண்டமஸ் ஆணைக்கு வைத்த 'செயலுறுத்தும் நீதிப்பேராணை'க்கு இந்தக் கொடுப்பினை இல்லை, வாயிலேயே நுழையாது.

பெயர் நன்றாக அமைந்தாலும் மனுவே எடுபடாத காலமும் உண்டு. 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையில் இந்த மனுவே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஐவரில் எச்.ஆர்.கன்னா மட்டும் மறுத்தார். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று தூக்கி எறிந்தது.

காணாமல்போன மகளைத் தேடிப் பெற்றோர் போடும் மனுவில் ஆளை நிஜமாகவே கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெண் மேஜர் என்றால், எங்கே போக விருப்பம் என்று அவளையே கேட்பார்கள். குண்டாஸ் கதை வேறு. குண்டர் தடுப்புச் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டப்படி ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆள் எந்தச் சிறையில் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் தேடவில்லை. கோர்ட் பார்ப்பது பேப்பரை. கைதிக்குத் தெரிந்த மொழியில் ஆவணம் கொடுத்தார்களா, அவன் அனுப்பிய முறையீட்டைக் காலத்தில் பார்த்தார்களா? இதில் ஓட்டை விழுந்தால், வக்கீல்கள் பாஷையில், 'குண்டாஸ் உடைஞ்சிருச்சு'.

இவ்வளவும் சொன்னேன். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

''அப்ப மதுரைக்கு ஆளைக் கொண்டாற மாட்டாங்களா? அவன் அம்மை ஒரு எட்டு பாத்துரலாம்னு இருக்கா.''