பத்துப் பேர்ச் வளவில் எத்தனை ஆடு? கொட்டிலின் அளவைத் தீர்மானிப்பது எப்படி

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பத்துப் பேர்ச் இருந்தாலே அது பெரிய வளவுதான். அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, இரண்டு தென்னை. மிஞ்சிய மூலையில் ஆட்டுக்கொட்டில். இரண்டு மறியாடு வாங்கி வளர்த்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உழ்ஹிய்யாவுக்கென்று கிடாய்களை விற்கலாம் என்பது பல வீடுகளில் பெண்களின் சேமிப்புக் கணக்கு. அந்தக் கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் மாரியில்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பிழைத்தது. ஆறடிக்கு ஐந்தடிக் கொட்டில். வாங்கியது இரண்டு ஆடு என்பதால் தாராளமாகத்தான் தெரிந்தது. ஒன்றரை வருடத்தில் அவை எட்டாகின. கார்த்திகை மழைக்கு எட்டையும் உள்ளே அடைத்தோம். ஒரு ஆட்டுக்கு நாலு சதுர அடி கூட இல்லை. ஒரு கிழமைக்குள் மூன்று குட்டிகள் இருமி இருமிச் செத்தன. வந்த கால்நடை வைத்தியர் ஆட்டைத் தொடுவதற்கு முன்னர் குனிந்து கொட்டிலின் தரையைத்தான் பார்த்தார்.

இன்றைக்கு இருக்கும் ஆட்டை எண்ணிக் கொட்டில் கட்டக்கூடாது. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். இரட்டைக் குட்டி சாதாரணம். கொட்டிலில் ஆகக்கூடிய ஆடுகள் நிற்கப்போகும் நாளை எண்ணித்தான் அளவு போட வேண்டும். நம் ஊரில் அது பெருநாளுக்கு முந்திய மாதங்கள்.

கூரைக்குக் கீழே வளர்ந்த மறி ஒன்றுக்கு 15 சதுர அடி, தனியாக அடைக்கும் கிடாய்க்கு 25, பால்குட்டிக்கு 5, விற்கும் பருவத்துக்கு வரும் குட்டிக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். நாலு மறி, ஒரு கிடாய், வளர்ந்த ஆறு குட்டி என்றால் 60, 25, 60. மொத்தம் 145. பத்தடிக்குப் பதினைந்தடி போதும். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. ஆகவே கொட்டிலுக்குப் போவது அரைப் பேர்ச்சுக்குச் சற்று மேல். ஆனால் மழையில்லாத நேரம் உலாவ, அதைப்போல இரு மடங்கு வெளியிடமும் தேவை. இதைத்தான் பலரும் கணக்கில் விடுகிறார்கள்.

பரப்பு சரியாக இருந்தாலும் வடிவம் கெடுத்துவிடும். தீவனத் தொட்டியில் வளர்ந்த ஆட்டுக்கு ஓரடியாவது இடம் வேண்டும். இல்லாவிட்டால் கொம்புள்ளது தின்னும், சினையாடு பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் சதுரத்தை விட நீள்சதுரமே நல்லது. நீளப்பக்கத்தில் தொட்டியை வைக்கலாம். குதிரை லாயத்துக்கு வழமையாகச் சொல்லும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடி அளவும் இப்படியான யோசனையில் வந்ததுதான். அந்த மிருகம் திரும்பவும், படுக்கவும், சுவரில் சிக்காமல் எழும்பவும் வேண்டுமே. ஜமுனாபாரி கலந்த உயரமான ஆடு என்றால் நாட்டாட்டை விடச் சற்றுக் கூடுதலாகவே இடம் விடுங்கள்.

தரையைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. நம் மண் மணல்தான், ஆனால் மாரியில் நீர்மட்டம் மேலே வந்துவிடும். 2024 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே தளத்தை மூன்று நாலடி உயர்த்துங்கள். உங்கள் வளவில் வெள்ளம் ஏறிய அடையாளம் தெரியுமென்றால் அதற்கும் மேலே. றீப்பைகளுக்கு இடையில் அரை அங்குலம் அல்லது அதைவிடச் சிறிது கூட இடைவெளி விட்டால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழும். அதைவிட அகலமானால் குட்டியின் கால் மாட்டும். ஈரத்தில் படுக்கும் ஆட்டுக்குச் சளியும் குளம்பழுகலும் வரும், குட்டிகளுக்கு வயிற்றோட்டம். கீழே ஆள் குனிந்து கூட்ட முடியாவிட்டால் ஒருவரும் கூட்டமாட்டார்கள், அது நிச்சயம்.

கொட்டிலுக்குள் நீங்களே குந்தியிருந்து பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது. ஆடு நிற்பது அந்த உயரத்தில்தான். கூரை தளத்திலிருந்து ஏழெட்டு அடி இருக்கட்டும். மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்தை மாரியில் கிடுகால் மறையுங்கள். கச்சான் காலத்தில் கழற்றிவிடலாம். நாலு பக்கமும் தகரம் அடிப்பது ஆட்டை அவிப்பதற்குச் சமன்.

எட்டடிக்குப் பத்தடிதான் ஒதுக்க முடியும் என்றால் இரண்டு மறியோடு நில்லுங்கள். அவை இரண்டுக்கும் 30, வளர்ந்த நாலு குட்டிக்கு 40. மீதி பத்துச் சதுர அடி, அடுத்த ஈற்றுக் குட்டிகள் இரண்டுக்கு. அதற்கு மேல் வந்தால் மாரிக்கு முன் விற்றுவிட வேண்டும், விலை கொஞ்சம் குறைந்தாலும். கிடாய் வேண்டாம். சினைக்கு விடும்போது மட்டும் கிடாய் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மதிலுக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கிடாய் நாற்றமும் இல்லை.